உப்பு மண்ணில் ஓடும் ஏடிவிக்கு எந்த அடித்தகடு?

திருவொற்றியூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். பொன்னேரி தாண்டி அவர் மாமனாருக்குக் கொஞ்சம் நிலமும் இரண்டு இறால் குட்டையும் இருக்கின்றன. அங்கே சுற்றிவர ஒரு 500 சிசி ஏடிவியை (மணல், சேறு, மேடு பள்ளத்தில் ஓட்டும் நாலு சக்கர வண்டி), நாலு சக்கரமும் இழுக்கிற வகை, பழசாக வாங்கியிருக்கிறார். கம்பெனி போட்ட பிளாஸ்டிக் அடித்தகடு கிழிந்து தொங்குகிறது. தெருமுனை வெல்டிங் கடைக்காரர் "பத்து கேஜ் இரும்புத் தகடு வெச்சு நாலு இடத்துல பத்த வெச்சிடலாம்" என்கிறாராம். ஆன்லைனில் பார்த்த அலுமினிய ஸ்கிட் பிளேட்டின் விலை தூக்கத்தைக் கெடுக்கிறதாம். இன்னொரு நண்பர் தடித்த பிளாஸ்டிக்கே போதும் என்கிறார். எது நல்லது, எத்தனை மில்லிமீட்டர் என்பது கேள்வி. தகட்டைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். ஆனால் அந்த மண்ணில் வண்டியின் அடிவயிறு எதனால் கெடும் என்று பார்த்த பிறகுதான் தகட்டுக்கே வர முடியும். அதனால் பதில் கொஞ்சம் சுற்றி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தண்டையார்பேட்டையில் இருபத்திரண்டு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். லாரி பம்பர், படகு இன்ஜினுக்கு அடிச்சட்டம், கார் பாட்டம் கார்டு என்று தகடு வளைத்தே காலம் போயிருக்கிறது. ஏடிவிக்கு மட்டும் பதினைந்து, பதினாறு அடித்தகடு செய்திருப்பேன். எல்லாம் மணலிலும் சேற்றிலும் ஓடுகிற வண்டிகள். பாறையில் ஏறி இறங்கும் மலை வண்டிக்கு நான் செய்ததில்லை. அதைப் பற்றி நான் சொல்வது உலோகத்தின் குணத்தை வைத்துச் சொல்வது, கை அனுபவம் இல்லை.

மீஞ்சூர், அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி, பழவேற்காடு வரைக்கும் உள்ள மண்ணை நினைத்துப் பாருங்கள். கல் கிடையாது. மணல், களி, உப்பளத்து மண், முகத்துவாரத்துச் சேறு. அங்கே அடியில் அடிப்பது மூன்றுதான். முதலாவது வேலிக்காத்தான் கட்டை. விறகுக்கு வெட்டுகிறவர்கள் அரிவாளால் சரிவாக வெட்டிவிட்டுப் போவார்கள். முழங்கால் உயரத்துக்குக் கீழே கூராக ஒரு முனை நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நின்றால் அது கண்ணுக்கே தெரியாது. இரண்டாவது, கரை பலப்படுத்தக் கொட்டிய கட்டட இடிபாடு. அதில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி. மூன்றாவது உப்பு. முதல் இரண்டும் வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை அடிக்கும். உப்பு ராத்திரி பகல் பார்க்காமல் தின்னும். கேட்கிற எல்லோரும் முதல் இரண்டை மட்டும் நினைத்துத் தடிமனைக் கேட்கிறார்கள். என் பட்டறைக்குத் திரும்பி வந்த தகடுகளில் முக்கால்வாசி மூன்றாவதால் வந்தவை.

ஒன்று சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் இறால் பண்ணை வண்டி ஒன்று "ஓட்டம் கனமா இருக்கு, அடியில கருகின வாடை வருது" என்று வந்தது. முன்பு யாரோ ஒருவர் போட்டுக்கொடுத்த அடித்தகடு, ஓட்டை என்பதே இல்லாமல் தொட்டி மாதிரி மூடிச் செய்திருந்தார்கள். போல்ட்டில் பாதி கழலவில்லை, கட்டர் வைத்து அறுத்தோம். தகடு இறங்கியதும் மேலே அடைந்திருந்த சேறு அப்படியே அச்சு வார்த்த மாதிரி கட்டியாக விழுந்தது. பக்கத்துப் பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தால் பதினோரு கிலோ. உள்ளே காய்ந்த கோரைப்புல், வலை நூல், ஒரு சின்ன நண்டு. நண்டு செத்துச் சுண்ணாம்பாகியிருந்தது. சைலன்சர் குழாயை ஒட்டியிருந்த புல் கருப்பாகியிருந்தது. தீப்பிடிக்காமல் வந்ததே புண்ணியம். ஏடிவியில் அடியில் அடைந்த காய்ந்த புல் சூடான குழாயைத் தொட்டுத் தீப்பிடிப்பது அபூர்வமான விஷயம் இல்லை. தகட்டின் உலோகத்தைப் பார்த்தால் அது நல்ல 5 மில்லிமீட்டர் அலுமினியம். பொருளில் குறை இல்லை, போட்ட விதத்தில்தான்.

சரி, பொருளுக்கு வருவோம். கடையில் கிடைப்பது மூன்று வகை: இரும்பு, அலுமினியம், யூஹெச்எம்டபிள்யூ என்று சொல்லப்படும் தடித்த பாலித்தீன். வெளிநாட்டு ஏடிவி தகடுகளில் அலுமினியம் என்றால் பெரும்பாலும் 5052 ரகம், 3 முதல் 5 மி.மீ. வரை, பிளாஸ்டிக் என்றால் 9 முதல் 13 மி.மீ. வரை வரும். இரும்பை நம் ஊரில் 3 மி.மீ. போடுவார்கள். ஒரு சதுர மீட்டருக்குக் கணக்குப் போட்டால் 3 மி.மீ. இரும்பு 23.5 கிலோ, 5 மி.மீ. அலுமினியம் 13.5 கிலோ, 12 மி.மீ. பிளாஸ்டிக் 11 கிலோ சொச்சம். உங்கள் வண்டிக்கு முன்னிருந்து பின்வரை மூடினால் அரை சதுர மீட்டரும் கொஞ்சமும் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக இரும்புக்கும் மற்றதற்கும் ஆறேழு கிலோ வித்தியாசம். வண்டி எடையில் அது பெரிய சுமை இல்லை. ஆனால் பாருங்கள், அந்தக் கூடுதல் எடைக்குக் கூடுதல் விறைப்பு கிடைக்கிறதா என்றால் இல்லை. தகட்டின் விறைப்பு தடிமனின் கனத்தோடு, அதாவது தடிமனை மூன்று முறை பெருக்கிய அளவில் ஏறும். அதனால் 5 மி.மீ. அலுமினியம் 3 மி.மீ. இரும்பைவிட ஒன்றரை மடங்கு விறைப்பாக நிற்கும், எடையோ பாதிக்குக் கொஞ்சம் மேல். 12 மி.மீ. பிளாஸ்டிக் அந்த அலுமினியத்தில் ஏழில் ஒரு பங்கு விறைப்புத்தான்.

அப்போது பிளாஸ்டிக் மட்டமா? அப்படியும் இல்லை. அது வளையும், விட்டால் திரும்பி வரும். அலுமினியம் அடிபட்டால் குழிந்தது குழிந்ததுதான். பிளாஸ்டிக்குக்கு இன்னொரு குணம், வழுக்கும். கட்டைமேல் ஏறிவிட்டால் அலுமினியம் கிறீச்சென்று பிடித்து நிற்கும், பிளாஸ்டிக் சறுக்கிக்கொண்டு போய்விடும். இதன் உரசல் தாங்கும் சக்தியை நம்ப முடியவில்லை என்றால் துறைமுகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கப்பல் வந்து சாயும் இடத்தில் ஃபெண்டர் முகப்பில் பட்டை பட்டையாக அடித்திருப்பது பெரும்பாலும் இதே பிளாஸ்டிக்தான். நிலக்கரி சரிந்து இறங்கும் தொட்டிகளுக்குள்ளும் இதை ஒட்டுவார்கள். உப்பு இதை ஒன்றும் செய்யாது. உங்கள் மண்ணுக்கு அது பெரிய விஷயம்.

இதற்கும் இரண்டு பலவீனம் உண்டு, இரண்டும் உறுதியாகத் தெரிந்தவை. ஒன்று சூடு. 130 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே உருகும், அதற்கு வெகுமுன்னமே இளகும். சைலன்சர் குழாய் போகும் பாதையில் கைவிரல் நாலு நுழையும் இடைவெளி இல்லையென்றால் அந்த இடத்தை வெட்டி அலுமினியத் துண்டு போடுங்கள். நாலு விரல் என்பது என் பழக்கம், எந்தப் புத்தகத்திலும் படித்தது இல்லை. இன்னொன்று, வெயிலில் நீளும். சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியின் அடித்தகடு காலையில் இருந்ததைவிட முப்பது டிகிரி சூடேறினால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 4, 5 மி.மீ. வளரும். அலுமினியம் அதே சூட்டில் முக்கால் மி.மீ.கூட வளராது. அதனால் பிளாஸ்டிக் தகட்டில் ஒரே ஒரு போல்ட்டுக்கு மட்டும் வட்ட ஓட்டை, மற்றதெல்லாம் நீள ஓட்டையாக இருக்க வேண்டும். அகல வாஷர் போட வேண்டும். இல்லாவிட்டால் தகடு அலை அலையாகத் தூக்கிக்கொள்ளும், அந்த அலையில்தான் கட்டை மாட்டும். வாங்கும்போது கருப்பு நிறமாகப் பார்த்து வாங்குங்கள். வெள்ளையைவிட வெயிலைத் தாங்கும்.

அலுமினியம் என்று முடிவு செய்தால் ரகத்தைக் கேட்டு வாங்க வேண்டும். மண்ணடி, செம்புதாஸ் தெரு பக்கம் தகட்டுக் கடைகளில் வெறுமனே "அஞ்சு எம்எம் அலுமினியம் ஷீட்" என்று கேட்டால் சுத்த அலுமினியத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மெத்து ரகத்தைத்தான் வெட்டித் தருவார்கள். பாத்திரத்துக்கு அது நல்லது. 5052 என்று சொல்லி, மில் சர்டிஃபிகேட் (தகடு செய்த ஆலை தரும் தரச் சான்று) நகல் கேளுங்கள். அதில் இரண்டரை சதவீதம் அளவுக்கு மெக்னீசியம் இருக்கிறது, தாமிரம் மிகக் குறைவு. அதனால்தான் உப்புக் காற்றை அது தாங்குகிறது. படகுக்குப் போடும் 5083 கிடைத்தால் இன்னும் பலம், வளைக்கத்தான் கொஞ்சம் மல்லுக்கட்டும். 6061 பலமானது என்று யாராவது தள்ளிவிடப் பார்ப்பார்கள். பலம்தான், ஆனால் டி6 என்ற, சூடேற்றிக் கடினமாக்கிய பதத்தில் அதை இறுக்கமாக வளைத்தால் மடிப்பில் விரிசல் விடும். பற்றவைத்தால் பற்றவைத்த இடத்தைச் சுற்றிப் பலம் இறங்கிவிடும். வளைவே இல்லாத நேர்த்தகட்டுக்குச் சரி. அப்புறம், பஸ் படிக்கட்டில் இருக்கும் புடைப்புப் போட்ட செக்கர்டு பிளேட்டை அழகுக்காக அடியில் போடச் சொல்வார்கள். வேண்டாம். வழுக்க வேண்டிய இடத்தில் எதற்குச் சொரசொரப்பு?

இரும்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மலிவு, எங்கேயும் பற்றவைக்கலாம், குழிந்தால் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம். எண்ணூர்க் காற்றில் பெயின்ட் உரசிப்போன இடத்தில் ஒரு வாரத்தில் செம்பட்டை கட்டும். இரும்புதான் என்றால் வளைத்து, ஓட்டையெல்லாம் போட்டு முடித்த பிறகு உருகிய துத்தநாகத்தில் முக்கும் கால்வனைசிங் கொடுத்து வாங்குங்கள். ஆனால் உங்கள் தெருமுனைக்காரர் சொன்ன "பத்த வெச்சிடலாம்" என்பதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஃபிரேமில் நேரடியாக வெல்டு வைத்தால் குழாய் அந்த இடத்தில் பலம் மாறும், கோணும். தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவில் உப்புத் தண்ணீர் மாட்டி உள்ளிருந்து அரிக்கும். ஆயில் மாற்றக்கூடக் கழற்ற முடியாது. வேறு ஏதாவது சின்ன வெல்டிங் வண்டியில் செய்வதாக இருந்தாலும் பேட்டரி வயரைக் கழற்றாமல் செய்ய விடாதீர்கள், எலக்ட்ரானிக் பெட்டி போய்விடும். ஃபிரேம் குழாயில் ஓட்டை போடவும் விடாதீர்கள். கம்பெனியே கொடுத்த மரை ஓட்டைகள் இருக்கும், அவற்றைப் பயன்படுத்துங்கள். போதாத இடத்தில் குழாயைக் கவ்வும் கிளாம்ப்.

இப்போது போல்ட்டு. நான் தகட்டைவிட இதில்தான் அதிக நேரம் செலவிடுவேன். அடியில் துருத்தி நிற்கும் போல்ட்டுத் தலையைக் கட்டை ஒரே இழுப்பில் சீவிவிடும்; பாதிப் போல்ட்டு போனால் தகடு முன்பக்கம் வாயைப் பிளந்து, போகும் வழியில் உள்ளதையெல்லாம் அள்ளும். தலை தகட்டுக்குள் அமுங்க வேண்டும். 8 எம்எம் சரிவுத்தலை அல்லன் போல்ட்டின் தலை உயரம் நாலரை முதல் 5 மி.மீ. வரை வரும். ஆகவே 3 மி.மீ. தகட்டில் அதை அமுக்கவே முடியாது, 5 மி.மீ. அலுமினியத்தில் அமுங்கும், ஆனால் பிடிமானத்துக்கு அடியில் எதுவும் மிஞ்சாது. அதற்காக நான் ஓட்டை இருக்கும் இடத்தை மட்டும் அச்சு வைத்து உள்பக்கமாகக் குழித்து, அந்தக் குழியில் தலையை உட்கார வைப்பேன். 12 மி.மீ. பிளாஸ்டிக்கில் இந்தத் தொல்லையே இல்லை. 7 மி.மீ. ஆழத்துக்கு அகலமாகக் குடைந்து வாஷரோடு தலையை உள்ளே இறக்கிவிடலாம், மீதி 5 மி.மீ. பிடித்துக்கொள்ளும்.

போல்ட்டு எஸ்எஸ் (துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போடுவதா என்று அடுத்து கேட்பீர்கள். போடலாம், ஆனால் இரண்டு எச்சரிக்கை. அலுமினியமும் எஸ்எஸ்ஸும் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்தால் பேட்டரி மாதிரி வேலை செய்யும், தின்னப்படுவது அலுமினியம். ஓட்டையைச் சுற்றி வெள்ளைப் பவுடர் பூத்திருந்தால் அதுதான். நடுவில் நைலான் வாஷரும், போல்ட்டுத் தண்டுக்கு ஒரு நைலான் குழலும் கொடுத்துப் பிரித்து வையுங்கள். நான் ஆரம்பத்தில் புத்திசாலித்தனம் என்று நினைத்துப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வாஷராக வைத்தேன். சத்தம் குறைந்தது, சந்தோஷமாக அனுப்பினேன். எட்டு மாதத்தில் அதே வண்டி திரும்பியது. டியூப் துண்டுக்கு அடியில் உப்புத் தண்ணீர் தேங்கி, வேறு எங்கும் இல்லாத அரிப்பு சரியாக அந்த வட்டத்துக்குள் மட்டும் இருந்தது. கூலி வாங்காமல் புதுத் தகடு செய்து கொடுத்தேன், அதோடு டியூப் வெட்டுவதை விட்டேன். இரண்டாவது எச்சரிக்கை, எஸ்எஸ் போல்ட்டும் எஸ்எஸ் நட்டும் மரையில் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். வேகமாக மெஷின் வைத்து இறுக்கினால் பாதியில் பிடித்து நின்றுவிடும், அப்புறம் அறுப்பதுதான் வழி. ஆன்டிசீஸ் கிரீஸ் தடவிக் கையால் இறுக்குங்கள்.

தகட்டுக்கும் இன்ஜின் அடிக்கும் நடுவில் ஒரு விரல் பருமன் இடைவெளியாவது வேண்டும். பிளாஸ்டிக் என்றால் இன்னும் கொஞ்சம் கூட, ஏனென்றால் அது அமுங்கும். தகடு இன்ஜின் கூட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் அடி நேராக வார்ப்பில் இறங்கும். தகடு இருந்தும் இல்லாத மாதிரி. இரண்டு மூன்று துண்டாகச் செய்தால் ஓட்டு வீட்டுக் கூரையை நினைத்துக்கொண்டு அடுக்குங்கள். முன் தகட்டின் பின்விளிம்பு கீழே, அடுத்த தகட்டின் முன்விளிம்பு அதற்கு மேலே ஒளிந்திருக்க வேண்டும். முன்னால் போகும்போது எதுவும் மாட்டாது. ரிவர்ஸ் எடுக்கும்போது மாட்டும், அதனால் கட்டைமேல் ஏறி நின்றுவிட்டால் பதறிப்போய் ரிவர்ஸில் இழுக்காதீர்கள், இறங்கிப் பாருங்கள். வடிகாலுக்கு நீள ஓட்டைகள் போடுங்கள், கட்டைவிரல் நுழையும் அகலம், வண்டியின் நீளவாக்கில். ரொம்பப் பெரிதாகப் போட்டால் கட்டை முனையே உள்ளே வரும். ஆயில் டிரெயின் போல்ட்டுக்கு நேராக ஒரு ஓட்டையும் கட்டாயம்.

ஆக உங்கள் மண்ணுக்கு, என் கையில் வண்டியை விட்டால், நடுவயிற்றுக்கும் பின்பக்கத்துக்கும் 12 மி.மீ. கருப்பு பிளாஸ்டிக், அதற்கு மேலே, அது அமுங்காமல் தாங்க, ஃபிரேமுக்குக் குறுக்கே இரண்டு அலுமினியப் பட்டை. முன்மூக்கு வளைவுக்கு மட்டும் 5 மி.மீ. 5052. கூரான கட்டை முதலில் குத்துவது மூக்கில்தான், அங்கே விறைப்பு வேண்டும். தரை இடைவெளியில் ஒன்றரை செ.மீ. போகும். இந்த வகை வண்டிகளில் 27, 28 செ.மீ. இருப்பதால் கவலை இல்லை. முழுக்க அலுமினியம் போட்டாலும் தப்பில்லை, நைலானும் வடிகாலும் சரியாக இருந்தால். இந்த இரண்டில் எது அதிக வருடம் வரும் என்று என்னிடம் பந்தயம் கட்டச் சொன்னால் கட்டமாட்டேன். என் பிளாஸ்டிக் தகடுகளில் பழையதற்கே இப்போதுதான் ஐந்து வயது. இறக்குமதித் தகடு வாங்குவதாக இருந்தால் மாடலும் வருடமும் ஃபிரேம் நம்பரோடு சரிபார்த்துக்கொண்டு காசு கட்டுங்கள். ஒரே பெயரில் வந்த வண்டிக்கே ஃபிரேம் மாறியிருக்கும். ஒரு வாடிக்கையாளர் அப்படி வரவழைத்த தகட்டில் ஒன்பது ஓட்டையில் மூன்றுதான் பொருந்தியது, திருப்பி அனுப்பவும் வழியில்லை.

நீங்கள் கேட்காதது ஒன்று. காசு குறைவென்றால் அடித்தகட்டுக்கு முன் ஆர்ம் கார்டு, அதாவது சக்கரத்தைப் பிடித்திருக்கும் கைகளுக்கு அடியில் வரும் கவசம், போடுங்கள். சக்கரத்துக்குப் போகும் ஆக்சிலில் ரப்பர் பூட் இருக்கிறதே, வேலிக்காத்தான் முள் அதைக் கிழித்தால் கிரீஸ் வெளியே, மணல் உள்ளே, கொஞ்ச நாளில் ஜாயின்ட் கடகடக்கும். வயிற்றுத் தகடு எவ்வளவு தடித்திருந்தாலும் அந்த பூட்டைக் காப்பாற்றாது. டயருக்கும் பங்சர் பிளக் கிட் ஒன்றை சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, ரோட்டுக்குப் பதிவு செய்யாத ஏடிவியைப் பொன்னேரி வரைக்கும் ரோட்டில் ஓட்டிக்கொண்டு போக முடியாது, குட்டியானையில் ஏற்றித்தான் போக வேண்டும். கடற்கரைப் பக்கம் தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை முட்டையிடும் காலம், ராத்திரியில் மணலில் வண்டி இறக்காதீர்கள். பழவேற்காடு ஏரிப் பக்கம் பறவைகள் சரணாலய எல்லையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

போட்ட பிறகு ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீர்க் குழாயைத் தகட்டுக்கு மேல்பக்கம் விட்டு, வடிகாலில் தெளிந்த தண்ணீர் வரும்வரை அடியுங்கள். மாதம் ஒரு முறை முன் தகட்டைக் கழற்றி உள்ளே பாருங்கள். இப்போதைக்குக் கிழிந்த பழைய தகட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதை அலசி, கீறல் எந்தப் பக்கம் அதிகம் என்று தெரிகிற மாதிரி வெயிலில் வைத்து நாலு படம் எடுத்துப் போடுங்கள். ஓட்டைகளின் அளவை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். கீறலைப் பார்த்தால் மூக்கில் அலுமினியம் எவ்வளவு தூரம் வர வேண்டும் என்று என்னாலும் சொல்ல முடியும்.